ஆளுக்குப் பத்து நிமிடத் தண்ணீர்

என் மகள் எனக்கு விதித்த எண் எட்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டுக்குக் கீழே இறங்கினால் நான் என் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். இறங்காவிட்டால், பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்த கையோடு அவள் வந்து வீட்டைப் பூட்டி, என்னைச் சென்னைக்கு அழைத்துப் போய்விடுவாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது, கள்ளக்குறிச்சியில் எடுத்த என் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள். தாளில் பத்து புள்ளி நான்கு என்று இருந்தது.

“காலையில என்ன சாப்பிடுறீங்க?”

“கடையில நாலு இட்லி.”

“மத்தியானம்?”

“சோறு.”

“தொட்டுக்க?”

“ஊறுகா.”

“ராத்திரி?”

“அதே சோறு, மோரு.”

“நேத்து யார்கிட்டப் பேசுனீங்க?”

நான் யோசித்தேன். பால்காரரிடம் “அரை லிட்டர் போதும்” என்று சொல்லியிருந்தேன். மூன்று சொற்கள். அதைச் சொன்னால் அழுதுவிடுவாள் என்று சும்மா இருந்தேன். அவள் அம்மா இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

சென்னையில் அவள் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. ஒருமுறை பத்தொன்பது நாள் இருந்து பார்த்தேன். கூடத்திலிருந்து பால்கனிக்குப் பதினோரு அடி. அதற்கு மேல் நடக்க வேண்டுமென்றால் லிஃப்டில் இறங்க வேண்டும். கீழே இறங்கினால் காவலாளி, “எங்க சார் போறீங்க?” என்று கேட்பார். எங்கும் போகவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பத்தொன்பது நாளும் யாரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை. ஆனாலும் இருபதாவது நாள் அங்கே இருக்க முடியாது என்று தெரிந்து பஸ் ஏறிவிட்டேன். ஆகவே எட்டு என்ற அந்த எண்ணை நான் ஒரு மருத்துவ எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக் கதவின் எண்ணாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குப் பக்கத்தில். நான் பாசனப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் எழுத்து வேலை பார்த்தவன். அணையில் இன்று எத்தனை அடி, மதகு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது, எந்த வாய்க்காலுக்கு எந்த நேரத்தில் முறை என்று எழுதி எழுதியே தலை நரைத்தவன். முறை என்றால் தண்ணீர் முறை. வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒவ்வொருவர் வயலுக்கும் இத்தனை மணி நேரம் என்று பிரித்துவிடப்படும். எங்கள் பக்கத்தில் ஒருவன் மகள் கல்யாணத்தை விட்டுக்கூட எழுந்து போவான். தன் முறைத் தண்ணீரை விட மாட்டான். பின்னால் நடந்ததற்குக் காரணம் இதுதான் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தை பிறந்து இரண்டாவது வியாழக்கிழமை துணைச் சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினாறு பேர். நர்ஸம்மா, ஐம்பது வயதிருக்கும், எங்கள் ஊருக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் கல்வராயன் மலையில் வேலை பார்த்தவர், மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

“மாத்திரைய வாங்கினு போயி டப்பாவுல போட்டு மூடி வெக்கிறீங்க. காய் துன்றது கெடயாது, நடக்கிறது கெடயாது. இங்க பின்னாடி பன்னெண்டு சென்ட் சொம்மா கெடக்குது. வர்றவங்க வாங்க. ஆளுக்கு ஒரு பாத்தி. போட்டு நீங்களே துன்னுங்க.”

ஒன்பது பேர் கை தூக்கினோம். அதில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவர் கரும்புக்காரர். பதினோரு ஏக்கர் கரும்பு, சொந்த டிராக்டர், ரத்தக் கொதிப்பு. என்னைவிட மூன்று வயது இளையவர். இன்னொருவர் ஏரிக்கரைத் தெருவிலிருந்து வரும் அம்மா. சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லை. நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறவர். கரும்புக்காரர் வயலிலேயே பல வருடம் களை வெட்டியிருக்கிறார். அந்த அம்மாவுக்கும் சர்க்கரை.

சுகாதார நிலையத்தின் பின்புறம் முள்ளும் உடைந்த ஓடும் பாட்டிலுமாகக் கிடந்தது. நான்கு நாளில் முப்பத்தொரு சாக்கு குப்பை அள்ளினோம். என் பாதத்தில் உணர்ச்சி குறைவு என்பதால், ஷூ போடாமல் உள்ளே காலை வைக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். மகளின் பெரிய பையனுடைய பழைய கான்வாஸ் ஷூ ஒன்று வீட்டில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

“ஷூ மாட்டிக்கினு கீர வெதைக்கிற மொத ஆளு நம்ப சாருதான்” என்றார் கரும்புக்காரர்.

“அவருனா ஷூ போட்டுக்கினு வெதைக்கிறாரு. நீங்க கையே படாம வெதைப்பீங்களே” என்றார் அந்த அம்மா.

கரும்புக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வயலில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். இங்கே அது அவருடைய வயல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார்.

தண்ணீர் ஒரே ஒரு குழாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறிலிருந்து ஏழரை வரை வரும். தொண்ணூறு நிமிடம். ஒன்பது பேர். இதைவிடச் சுத்தமான கணக்கு என் வேலைக்காலத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதி, சீட்டுக் குலுக்கி வரிசை பிடித்து, சுவரில் ஒட்டினேன். அந்த அம்மாவுக்கு இரண்டாவது முறை. கரும்புக்காரருக்கு எட்டாவது.

“எட்டாவதா? என் மோட்டார்ல தண்ணி பீச்சிக்கினு கொட்டுது. நான் இங்க வந்து எட்டாவதா நிக்கணுமா?”

“இன்னாத்துக்கு நிக்கிறீங்க? அங்க கல்லு கெடக்குது பாருங்க, குந்துங்க” என்றார் அந்த அம்மா.

தக்காளி நாற்று, கத்தரி நாற்று, வெண்டை விதை, சிறுகீரை. பன்னிரண்டாம் நாள் கீரை முளைத்தது என் மகளுக்குப் போனில் படமாகப் போயிற்று. “சூப்பர்ப்பா” என்று எழுதினாள். நான் மனதுக்குள் பத்து புள்ளி நான்கிலிருந்து ஏதோ கொஞ்சம் கழித்துக்கொண்டேன்.

இருபதாம் நாள் தக்காளி மஞ்சளாயிற்று. இருபத்து மூன்றாம் நாள் கத்தரி தலை சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். ஆகவே யாரும் பத்து நிமிடத்தில் ஒரு விநாடியையும் விடவில்லை. ஒருவர் உடம்பு சரியில்லை என்று வரவில்லையென்றால் அவர் முறை வீணாகிறதே என்று பக்கத்துப் பாத்திக்காரர் குழாயை அவர் பாத்தியில் போட்டுவிட்டு, அப்படியே தன் பாத்திக்கும் இழுத்துக்கொள்வார். அது களிமண். ஆறடிக்கு நான்கடிப் பாத்தி. சுற்றிலும் நெல் வயலுக்குக் கட்டுவதுபோல நல்ல வரப்பு வேறு கட்டியிருந்தோம். ஒன்பது பேரும் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவர்கள். பாத்தியில் தண்ணீர் தளதளவென்று நிற்பதைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு நிறையும்.

இருபத்தாறாம் நாள் கொசு ஒழிப்பு வேலைக்காரர்கள் இரண்டு பேர் ஊரில் வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் சுகாதார நிலையத்தின் பின்புறமும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் நீளக் கரண்டியை என் பாத்திக்குள் விட்டு மொண்டார். கரண்டியில் புழுக்கள் துள்ளின. எண்ண முயன்றேன். பதினெட்டுக்கு மேல் முடியவில்லை, அவை நிற்கவில்லை.

“ஊரெல்லாம் தேங்கா ஓட்டக் கவுத்து வைங்கன்னு சொல்லிக்கினு வர்றோம். ஆஸ்பத்திரி பின்னாடியே கொசுப் பண்ண வெச்சிருக்கீங்களே நர்ஸம்மா” என்றார் அவர்.

ஏழு நாள் தவணை கொடுத்தார்கள். அதற்குள் தண்ணீர் நிற்காமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மண் தள்ளிச் சமப்படுத்திவிட வேண்டும். அவர்கள் போன பிறகு கரும்புக்காரர் சுவரில் இருந்த என் பட்டியலைப் பார்த்தார்.

“சாரு அணைக்கட்டு ஆபீஸ்ல இருந்தவரு இல்ல? ரிட்டேர் ஆயும் கை சொம்மா இருக்கல. ஒம்போது அணை கட்டிட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பட்டியலைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் போகவில்லை. நான்கு இட்லி, ஊறுகாய், மோர். மகள் போன் செய்தபோது நடந்ததைச் சொன்னேன்.

“சரி விடுங்கப்பா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? பேசாம இங்க வந்துடுங்க.”

பேசாம என்ற அந்தச் சொல்தான். அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, நேராக நர்ஸம்மாவிடம் போனேன்.

“ஏழுல ரெண்டு நாள் போயிடுச்சி. அஞ்சு நாள் இருக்குது. இன்னா பண்ணணும் சொல்லுங்க” என்றேன்.

அவர் என்மேல் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் சொன்னார். “மலையில நம்ப ஊர விட மழை ஜாஸ்தி. அங்க எந்த வூட்டுத் தோட்டத்துலயும் தண்ணி நின்னு நான் பாத்தது இல்ல. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குது. அதுக்கு ரெண்டு பிரசவம் நான்தான் பாத்தேன். போன் பண்றேன், போயி பாத்துட்டு வாங்க. வெதையும் குடுக்கும்.”

மறுநாள் காலை மூன்று பேர் பஸ் ஏறினோம். நான், அந்த அம்மா, கரும்புக்காரர். கரும்புக்காரர் ஏன் வந்தார் என்று எனக்கு அன்று புரியவில்லை. அவருடைய பாத்தியும் அழுகியிருந்தது, அது அவருக்கு மானப் பிரச்சினையாகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. பதினோரு ஏக்கர் வைத்திருப்பவர் ஆறடிப் பாத்தியில் தோற்றார் என்றால் ஊர் சிரிக்கும். மடியில் ஒரு பை வெல்லம் வைத்திருந்தார். மலைப்பாதையில் வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். அவர் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேச ஆரம்பித்ததில் ஏழாவது வளைவோடு கணக்கு விட்டுப்போயிற்று. அது இன்னும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிவாக இறங்கியது. அங்கே பாத்தியே இல்லை. ஒவ்வொரு செடியும் கவிழ்த்த கூடை அளவுக்கு ஒரு மண்மேட்டின் மேல் இருந்தது. மேட்டைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. மேடுகளுக்கு நடுவே கை அகலத்துக்குப் பள்ளம். அதன் வழியே தண்ணீர் சரிவில் இறங்கிப் போய்விடும். அவரை, பூசணி, மிளகாய், ஏதேதோ கீரை, எல்லாம் கலந்து நின்றன. தள்ளிச் சாமை அறுத்த கொல்லை.

“எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துவீங்க?” என்று கேட்டேன்.

“எப்பவாச்சும் ஊத்துவோம்.”

“எப்பவாச்சும்னா எத்தன நாளு?”

“காஞ்சா ஊத்துவோம்.”

“காயறதுக்கு எத்தன நாளு ஆவும்?”

அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினாள். “இவரு இன்னா கேக்குறாரு?”

“அவரு அப்பிடித்தான். எதுனா ஒரு நெம்பர் சொல்லிடு கண்ணு. இல்லன்னா மலைய விட்டு எறங்க மாட்டாரு.”

“மூணு” என்றாள் அந்தப் பெண்.

நான் மூன்று என்று எழுதிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். அவரை விதையும் கீரை விதையும் ஒரு துணியில் முடிந்து கொடுத்திருந்தாள் அந்தப் பெண். கரும்புக்காரர் வெல்லப் பையை அவளிடம் கொடுத்து, “எங்களுக்குத்தான் ஆவாது, நீங்களாச்சும் துன்னுங்க” என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் அவர் இரண்டு கையாலும் ஒரு மேட்டின் அளவைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நாளைக்கு ஒரு டிராக்டர் மண்ணு அடிச்சிடறேன்” என்றார்.

அடித்தார். ஆனால் டிராக்டர் பின்பக்கம் போக வழியில்லை. கதவருகே கொட்டிவிட்டுப் போனது. கதவிலிருந்து தோட்டத்துக்கு நாற்பத்தாறு அடி. இரும்புச் சட்டியில்தான் சுமக்க வேண்டும். நர்ஸம்மா எனக்கு அரைச் சட்டி என்று உத்தரவு போட்டிருந்தார். முதல் நாள் பதினான்கு சட்டி தூக்கியதும் கண் இருட்டியது, உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் நாள் இருபத்தொன்பது. மூன்றாம் நாள் நாற்பத்து நான்கு.

“தூக்கறப்ப எண்ணாதீங்க சார், மூச்சு வாங்குது” என்றார் அந்த அம்மா.

“எண்ணலன்னா தூக்க முடியாதும்மா.”

“அப்ப நல்லா எண்ணுங்க.”

கரும்புக்காரர் களைக்கொத்தைப் பிடித்தார். நாற்பது வருடம் விவசாயம் செய்தவர் களைக்கொத்தைப் பிடித்த அழகைப் பார்த்து அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, அது பேனா இல்ல. உங்க கொல்லையில நாங்க குனிஞ்சிக்கினு இருந்தப்ப நீங்க எங்க பாத்துக்கினு இருந்தீங்க?” கரும்புக்காரர், “வரப்புல நின்னு உன்னியத்தான் பாத்துக்கினு இருந்தேன், வேல செய்யறியா, வாய் பேசறியான்னு” என்றார். “ரெண்டும்தான் செஞ்சேன்” என்றார் அந்த அம்மா. பிறகு அவர் கையிலிருந்து வாங்கி எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். அன்று மாலை கரும்புக்காரரின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். எல்லோரிடமும் காட்டிக்கொண்டு இருந்தார்.

வரப்புகளை உடைத்தோம். ஒன்பது பாத்தியில் ஐம்பத்து நான்கு மேடு. நடுவே பள்ளம் வெட்டி மூலையில் இருந்த வாழைக்கு விட்டோம். ஆனால் மண்ணைவிடக் கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. குடத்தில் பிடித்து மூடி வைத்து, மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர், மேட்டுக்கு ஒரு சொம்பு, அவ்வளவுதான் என்று நான் சொன்னதும் ஒன்பது பேரில் ஏழு பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

“என் பத்து நிமிஷத்த நான் ஏன் வுடணும்?”

“செடி அழுகுதுங்க” என்றேன்.

“செடி அழுகுனா அழுகட்டும். இன்னிக்கி என் முறைய வுட்டா நாளைக்கி அது என் முறையே இல்லன்னு சொல்லுவீங்க.”

இதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் இந்த ஒரே வாக்கியத்தை எத்தனை மனுவில் படித்திருக்கிறேன்! முறையை விட்டவனுக்கு முறை திரும்பக் கிடைத்த கதையை நானும் பார்த்ததில்லை. அவர்கள் பயம் பொய்யில்லை. சட்டைப் பையில் இன்னும் அந்தக் கிழிந்த பட்டியல் இருந்தது. அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து வேறொரு நோட்டு போட்டேன். ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு பக்கம். யார் தன் முறையில் எத்தனை நிமிடம் எடுக்காமல் விட்டாரோ, அது அவர் பக்கத்தில் அவருடைய பாக்கியாக நிற்கும். வேண்டும்போது கேட்டு எடுத்துக்கொள்ளலாம். யாரும் அதைத் தொட முடியாது.

மறுநாள் காலை படித்துக் காட்டினேன். கரும்புக்காரர் முதலில் வந்தார். “இன்னிக்கி ரெண்டு நிமிஷம்தான் எடுத்தேன். எட்டு நிமிஷம்னு எழுதுங்க.” எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, எட்டு என்றிருப்பதை உறுதி செய்துகொண்டு போனார். அதற்கு அடுத்த தண்ணீர் நாள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீரை மிச்சம் பிடித்தார்கள். ஒருவரும் இதுவரை பாக்கியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை தன் கணக்கு எவ்வளவு என்று கேட்காதவரும் இல்லை.

தவணை முடிந்த நாள் கொசு வேலைக்காரர்கள் வந்தார்கள். கரண்டியை விடுவதற்குத் தண்ணீர் இல்லை. பள்ளத்தைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நர்ஸம்மா அன்றுதான் என்னிடம் பழையபடி பேசினார்.

மாசிக் கடைசியில் கீரை அறுத்தோம். முதல் நாள் என் பங்கு இரண்டு பிடி. அதை எப்படிச் சமைப்பது என்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. அந்த அம்மாவிடம் சுற்றி வளைத்து, “உங்க வூட்ல இத இன்னா பண்ணுவீங்க?” என்றேன். அவர் புரிந்துகொண்டு, சத்தமில்லாமல் சொன்னார்: பூண்டு நாலு பல்லு, பச்சை மிளகா ரெண்டு, வேக வெச்சி கடைஞ்சிடுங்க, வேக வெச்ச தண்ணிய மட்டும் கொட்டிடாதீங்க. எனக்கு எண்கள் இருந்தால் போதும். அன்று முதல் கடைகிறேன். சோற்றை ஒன்றரை டம்ளர் அரிசியிலிருந்து முக்கால் டம்ளருக்கு இறக்கினேன். ஒரேயடியாக இல்லை, வாரத்துக்குக் கொஞ்சமாக. பசித்தது. பசித்தபோது தோட்டத்துக்குப் போனேன். பங்குனியில் வெண்டை. அவரை பூத்தது. ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து இரண்டு முறை ஒட்டினேன்.

சித்திரை இரண்டாவது வாரம் கள்ளக்குறிச்சி போய் ரத்தம் கொடுத்தேன். முடிவு என் போனுக்கும் மகள் போனுக்கும் ஒரே நேரத்தில் வந்தது. எட்டு புள்ளி மூன்று.

மூன்று முறை பார்த்தேன். எட்டு புள்ளி மூன்றுதான். அவள் அன்று போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

சனிக்கிழமை தண்ணீர் நாள். நான் ஆறுக்கு முன்பே போய்விட்டேன். என்னுடைய மேட்டுக்குப் பக்கத்தில் கரும்புக்காரரின் மேடு. அவருடைய அவரைக்கொடி மூன்று நாளாக என் கொம்பின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. என் கொம்பில் பதினேழு காய் தொங்கியது. அவற்றை நான் பறித்து என் கூடையில் போட்டேன்.

“சார், அது என் கொடி.”

“கொம்பு என்னுது.”

“வேரு எங்க இருக்குதோ அவங்களுக்குத்தான் காயி. ஊரு நாயம் அதான்.”

“அப்ப வேர்லயே காய்க்கச் சொல்லுங்க! என் கொம்புல ஏறிக்கினு, என் வெண்டைக்கு வெயிலு படாம மறைச்சிக்கினு, காயி மட்டும் உங்களுதா? பதினேழு காயி. எட்டு உங்களுக்கு, எட்டு எனக்கு. ஒண்ணு...”

“எனக்குப் பதினேழும் வோணும்!”

“ரெண்டு பேரும் நல்லா சண்ட போட்டுக்கினு இருங்க. நான் பறிச்சிக்கினு வூட்டுக்குப் போறேன்” என்றார் அந்த அம்மா.

“நீ சும்மா இரும்மா, இது கொள்கைப் பிரச்சன!” என்று நான் கத்தினேன். கத்திவிட்டுத் திரும்பினால் கதவருகே என் மகள் நின்றிருந்தாள். இரவு ஒரு மணிக்கே காரில் புறப்பட்டு வந்திருக்கிறாள். அவளிடம் இருந்த சாவியால் வீட்டைத் திறந்து பார்த்து, வெகு நேரமாகியும் நான் வராததால் பயந்து, பக்கத்து வீட்டில் கேட்டு இங்கே வந்திருக்கிறாள்.

“எவ்ளோ நேரமா நிக்கிற?” என்றேன்.

“கொம்பு என்னுதுன்னு சொன்னப்பவே வந்துட்டேன்.” அவள் என்னை ஷூவிலிருந்து தலை வரை பார்த்தாள். “அம்மாகிட்டத்தான் இப்படிக் கத்துவீங்க.”

கூடையைக் கீழே வைத்தேன். “ரிசல்ட் பாத்தியா?”

“பாத்தேன். எட்டுக்குக் கீழன்னு சொன்னேன்ல.”

“சொன்ன. பத்து புள்ளி நாலுல இருந்து ரெண்டு புள்ளி ஒண்ணு எறங்கியிருக்கு. ஆனா எட்டுக்குக் கீழ வரல. நான் தோத்துட்டேன். ஒத்துக்கறேன்.” சொல்லிவிட்டு மூச்சு விட்டேன். “ஆனா நான் வர மாட்டேன்.”

கணக்கில் தோற்ற பிறகு பேச்சு மாறியவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அன்று மாறினேன். மகளின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு என் சர்க்கரை எண்ணைவிட அது புதிதாக இருந்திருக்க வேண்டும்.

“அவரக் கூட்டினு போயிட்டா நோட்டு யாரு எழுதுவாங்க பாப்பா?” என்றார் கரும்புக்காரர். “எனக்கு இருநூத்தி எழுவத்தி மூணு நிமிஷம் பாக்கி நிக்கிது.”

மகள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

“நீ கூட்டினு போ கண்ணு” என்றார் அந்த அம்மா, கொடியிலிருந்து கையை எடுக்காமல். “ரெண்டே நாளு. மூணாவது நாளு நீயே கொண்டாந்து கதவாண்ட வுட்டுட்டு ஓடிடுவ.”

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்பதற்காக அவள் வரவில்லை என்பதால் அதை நிறுத்தவும் பார்த்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். முந்நூற்றெண்பது அடி வரை எண்ணினேன். உள்ளே போனதும் கூடத்தில் இரண்டு பெரிய பைகள் இருந்தன. எனக்காகக் காத்திருந்த நேரத்தில் என் வேட்டி, சட்டை, கண்ணாடிக் கூடு, மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டிருந்தாள். நான் பைகளைத் தாண்டிச் சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்ற வைத்து, கீரை ஆய்ந்து, கடைந்து, எட்டு அவரைக்காயை நறுக்கிப் பொரியல் செய்தேன். முக்கால் டம்ளர் அரிசி இரண்டு பேருக்குப் போதாது என்று இன்னொரு அரை போட்டேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை கரண்டியை வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

சாப்பிட்டாள். இரண்டாவது முறை கீரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“உப்பு கம்மி” என்றாள்.

“உப்பு அவ்ளோதான். நர்ஸம்மா சொன்னது.”

தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள். “இன்னும் மூணு மாசம். வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணிக் கேப்பேன். நீங்க சொல்றத நம்ப மாட்டேன்.”

“கேளு.”

“மறுபடியும் எட்டுக்கு மேல வந்தா?”

“மறுபடியும் வர மாட்டேன்னுதான் சொல்லுவேன். அதுக்கு இப்பவே நீ தயாரா இருந்துக்க.”

அவள் எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பைகளின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பையின் ஜிப்பைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்றேன். அவள் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள், இரவெல்லாம் தூங்காதவள். நான் பைகளை ஒவ்வொன்றாக அறைக்குள் இழுத்துப் போய், ஆறு வேட்டியையும் ஒன்பது சட்டையையும் எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினேன். குனிந்து நிமிர்ந்ததில் எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. காலிப் பைகளை மடித்து, அவள் போகும்போது மறக்காமல் எடுத்துப் போக வேண்டும் என்று, கார்ச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.